ஜோடி இல்லாமல் இறங்கக் கூடாது

பிப்ரவரி 3
நீச்சல் குளத்து பெஞ்சு

அன்புள்ள ஒட்டகத்துக்கு,

கழுத்து இன்னும் நீளமாகவே இருக்கிறதா? பள்ளிக்கூடத்தில் எனக்குக் குண்டூசி என்று பெயர் வைத்தவள் நீ. இப்போது வந்து பார். ஊசி தொலைந்து வெகுகாலம் ஆகிறது, குண்டு மட்டும் பத்திரமாக இருக்கிறது.

போன் இருக்கிற காலத்தில் இவள் ஏன் காகிதத்தில் எழுதுகிறாள் என்று யோசிப்பாய். போன் எனக்கு இல்லை, எங்களுக்கு இருக்கிறது. என் வீட்டுக்காரர் ரிட்டயர் ஆன மறுவாரமே, "ரெண்டு பேருக்கு ரெண்டு போன் எதுக்கு?" என்று என்னுடையதை டிராயரில் வைத்துப் பூட்டிவிட்டார். மிச்சமிருப்பது எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசும். வெளிநாட்டிலிருந்து மகன் "அம்மா, எப்படி இருக்க?" என்று கேட்டால், "நல்லா இருக்கா" என்று இவர் பதில் சொல்வார். நான் நன்றாக இருப்பது எனக்கே அப்படித்தான் தெரியவருகிறது.

அவரை இங்கே எல்லாரும் இன்ஸ்பெக்டர் என்பார்கள். போலீஸ் என்று நினைத்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள் பயப்படுகிறார்கள், நானும் திருத்துவதில்லை. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து லிஃப்டுகளைச் சோதித்து முத்திரை குத்தியவர். இப்போது சோதிக்க லிஃப்ட் இல்லை, நான் இருக்கிறேன். குழாய், ஃபேன், கேஸ் சிலிண்டர், நான் மூடிய எதையும் அவர் இன்னொரு தடவை மூடினால்தான் அது மூடியதாகக் கணக்கு. போன வாரம் பால் அடுப்பில் இருக்கும்போதே பின்னால் வந்து சிலிண்டரைத் திருகி மூடிவிட்டு, "என்ன, அடுப்பு அணைஞ்சு கிடக்கு?" என்று என்னையே கேட்டார்.

பல் டாக்டர் கிளினிக்கில் டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்தேனே, அந்த வேலையும் போயிற்று. "நான் வீட்ல இருக்கும்போது நீ எதுக்கு வெளிய போகணும்?" அவர் கேட்டால் கேள்வி மாதிரி இருக்காது, முத்திரை மாதிரி இருக்கும்.

இந்த இக்கட்டில் என் முழங்கால்தான் எனக்குக் கைகொடுத்தது. தண்ணீரில் நடந்தால் வலி குறையும் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். டாக்டர் சீட்டுக்கு மட்டும் இவர் கட்டுப்படுவார். அப்படித்தான் தினமும் கொஞ்ச நேரம் இந்தக் குளத்துக்கு வருகிறேன்.

முந்தாநாள் ஆழமான பக்கத்தில் சிலபேர் முதுகில் சிலிண்டரோடு கீழே போனார்கள். ரொம்ப நேரம் மேலே வரவில்லை. கரையில் விசிலோடு நின்ற பெண்ணிடம் கேட்டேன்.

"கீழ என்ன பண்றாங்க?"

"ஒண்ணும் பண்ணல மேடம். உக்காந்திருக்காங்க."

"பேசிக்க மாட்டாங்களா?"

"வாயில குழாய் இருக்கே, எப்படிப் பேசுவாங்க?"

நின்ற இடத்திலேயே பெயரைக் கொடுத்துவிட்டேன்.

அந்தப் பெண்தான் பயிற்சி ஆசிரியை, எல்லாரும் கேப்டன் என்கிறார்கள். நீ போன வருஷம் அனுப்பினாயே ஒரு படம், கறுப்பு உடையில் தார் பூசிய ஒட்டகம் போல, அதே ஸ்கூபா படிப்புதான். குளத்தில் பாடம், பிறகு கடலில் சோதனை, பிறகு எந்தக் கடலிலும் இறங்க அனுமதிக்கிற கார்டு. உடம்பைப் பற்றி ஒரு தாள் நிரப்பச் சொன்னார்கள். 'மூடிய இடங்களில் அச்சம் உண்டா?' என்று ஒரு கேள்வி. இருந்திருந்தால் இந்நேரம் தெரிந்திருக்கும் என்று எழுத நினைத்தேன். 'இல்லை' என்று எழுதினேன்.

பதிலை வீட்டுக்குப் போட்டுவிடாதே. டிக்கெட் கவுண்டர் அக்காவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். உறைமேல் என் பெயர், குளத்து முகவரி போதும்.

மூச்சு விட நேரம் கிடைத்த,
குண்டூசி

*

பிப்ரவரி 14

குண்டூசி,

இத்தனை வருஷம் கழித்து எழுதுகிறாய், முதல் வரியிலேயே என் கழுத்தைப் பிடிக்கிறாய். மாறவில்லை. நல்லது.

என் கண்ணாடிக் கடை ஓடுகிறது. ஊர் முழுக்கக் கண்ணைக் கொடுத்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை கடலுக்குள் போய்விடுகிறேன். என் வீட்டுக்காரரைப் பிரிந்த பிறகு ஞாயிற்றுக்கிழமையை என்ன செய்வதென்று தெரியாமல் ஆரம்பித்தது. அங்கே எனக்கு நிலையான ஜோடி கிடையாது. படகில் தனியாக வருகிற யாரோடாவது சேர்த்து அனுப்புவார்கள். போன தடவை ஒரு கணக்கு வாத்தியார். தண்ணீருக்குள்ளும் மீன்களை எண்ணினார்.

கார்டை வாங்கு. மே மாதத்தில் இங்கே தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும். கடைக்கு மேலே ஓர் அறை காலியாகத்தான் கிடக்கிறது. வந்து என் ஜோடியாக இறங்கு. எத்தனை நாள் வேண்டுமானாலும் இரு.

ஒன்று கேட்கிறேன், கோபிக்காதே. இன்ஸ்பெக்டருக்குத் தெரியுமா?

ஒட்டகம்

*

பிப்ரவரி 27
அதே பெஞ்சு, ஈரத் துண்டோடு

அடியே ஒட்டகம்,

உன் வாய் முகூர்த்தம். தெரிந்துவிட்டது.

உடல்தகுதிச் சான்றிதழில் கையெழுத்து வாங்க டாக்டரிடம் போக வேண்டும். டாக்டரிடம் நான் தனியாகப் போவது எங்கள் வீட்டு வழக்கத்தில் இல்லை. வெளியே காத்திருக்கும்போது இவர், குளத்தில் கொடுத்த பயிற்சித் தாளை வாங்கி ஒரு வரி விடாமல் படித்தார். கண்மண் தெரியாமல் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருக்கலாம். அமைதியாக ஒரு வரியில் விரலை வைத்தார்.

"ஜோடி இல்லாமல் இறங்கக் கூடாதுன்னு போட்டிருக்கு, பாத்தியா?"

"அவங்களே யாரையாவது சேத்து விடுவாங்க."

"யாரையாவதா? நான் எதுக்கு இருக்கேன்?"

எனக்குச் சான்றிதழ் வாங்கப் போன இடத்தில் அவருக்கும் ஒன்று வாங்கிக்கொண்டு வந்தோம். இரத்த அழுத்தம் என்னைவிட அவருக்கு நன்றாக இருக்கிறதாம். இருக்காதா பின்னே.

இப்போது குளத்தில் என் பக்கத்து லாக்கர் அவருடையது. கேப்டன் முதலில் முகமூடிப் பாடம் எடுத்தார். தண்ணீருக்குள் முகமூடியில் வேண்டுமென்றே தண்ணீரை விட்டு, தலையை நிமிர்த்தி மூக்கால் ஊதி வெளியேற்ற வேண்டும். எனக்கு மூக்கால் ஊதுவது தும்மலாக மாறி, முகமூடி நெற்றிக்குப் போய், நான் ஒரு கிணற்றளவு தண்ணீர் குடித்தேன். இவர் ஒரே ஊது. கண்ணாடி பளிச்சென்று. உடனே என் முகமூடியைப் பிடித்து எனக்காகவும் ஊதப் பார்த்தார். கேப்டன் நடுவில் வந்து அவர் கையை எடுத்துவிட்டார்.

இறங்கும் முன் ஜோடிகள் ஒருவர் சாதனத்தை ஒருவர் சோதிக்க வேண்டும். ஜாக்கெட், ஈயக்கட்டி பெல்ட், கொக்கிகள், காற்று. சொல்லவா வேண்டும், இவருக்குக் கொண்டாட்டம். கொக்கியை இழுக்கிறார், பெல்டை இறுக்குகிறார், நான் ஏதோ பழைய கட்டடத்து லிஃப்ட் மாதிரி சுற்றிச் சுற்றி வருகிறார். நான் அவருடையதைச் சோதிக்கக் கையை நீட்டினால், "என்னுது சரியாத்தான் இருக்கு."

கீழே போனால் பேச முடியாதே என்று நீ கேட்கலாம். பேசவில்லை. மணிக்கட்டைப் பிடித்துக்கொள்கிறார். குளத்தின் அடியில் இருந்துகொண்டு, வாயில் குழாயோடு, 'கேஸ் மூடினியா?' என்று கண்ணாலேயே கேட்கிற மனிதரை நீ பார்த்திருக்க மாட்டாய்.

மே மாதம் உன்னிடம் வருவதைப் பற்றி மெல்லப் பேச்செடுத்தேன். "தாராளமாப் போலாமே. ரெண்டு பேருக்கும் கார்டு வந்துரும்ல" என்றார்.

அறையில் கட்டில் ஒன்றா இரண்டா?

குண்டூசி

*

மார்ச் 9

குண்டூசி,

கட்டில் ஒன்று. உனக்கு மட்டும்.

சிரித்துக்கொண்டே படித்தேன். பிறகு கடையில் ஒரு பாட்டிக்குக் கண்ணாடி போட்டுவிட்டு, "எல்லாம் தெரியுதாம்மா?" என்று கேட்டபோது உன் கடிதம் ஞாபகம் வந்தது. மறுபடி எடுத்துப் படித்தேன். இரண்டாவது தடவை சிரிப்பு வரவில்லை.

கேப்டனிடம் போய் ஜோடியை மாற்றச் சொல். அது உன் உரிமை. நீ எனக்கு எழுதுவதைக் கேப்டனிடம் பேசு.

ஒட்டகம்

*

மார்ச் 22

அன்பே, கோபக்கார ஒட்டகமே,

பேசினேன். உடை மாற்றும் அறையில், பாதி ரப்பர் உடை இடுப்போடு சிக்கிக்கொண்டிருந்தபோது. அந்த உடையைப் போடுவது ஒரு வேலை என்றால் கழற்றுவது பிரசவம். கேப்டன் ஒரு காலை இழுத்துக்கொண்டே கேட்டார்.

"எல்லாரும் வீட்டுக்காரரோட சேத்துப் போடுங்கன்னு வருவாங்க. நீங்க பிரிக்கச் சொல்றீங்களே, மேடம்?"

"தண்ணிக்குள்ள மட்டும்தான், கேப்டன்."

அவர் சிரிக்கவில்லை. "எல்லாருக்கும் ஜோடி ஆயாச்சு. இப்ப மாத்த ஆள் இல்ல. ஆனா ஒண்ணு, உங்களுக்குக் கீழ ஏதாவது சரியில்லன்னா அவரைப் பாக்காதீங்க, என்னைப் பாருங்க." அப்புறம் இன்னொரு காலை இழுத்தார்.

குளத்துப் பாடங்கள் முடிந்தன. நீந்தவும் மிதக்கவும் தேறிவிட்டேன். மிதப்பது எனக்குப் பிறவியிலேயே வரும், மூழ்கத்தான் கூடுதலாக ஈயம் கட்டினார்கள். காற்று தீர்ந்துபோனால் கழுத்தில் கையால் வெட்டுவது போல் காட்ட வேண்டும். உடனே ஜோடி தன் மஞ்சள் நிற உபரிக் குழாயைக் கொடுக்க வேண்டும். அதிலும் தேறினோம்.

கட்டைவிரலை உயர்த்தினால் 'பிரமாதம்' என்று அர்த்தமில்லை, 'மேலே போவோம்' என்று அர்த்தம். ஜோடியில் ஒருவர் காட்டினாலும் இருவரும் போயாக வேண்டும், காரணம் கேட்கக் கூடாது. இந்த விதியைக் கேட்டதும் இவர் முகத்தில் வந்த நிம்மதியைப் பார்த்தேன்.

இரவெல்லாம் இவர் தோற்கட்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். காது அடைக்கட்டும், ஜலதோஷம் பிடிக்கட்டும். இந்த மனுஷருக்கு ஒரு தும்மல்கூட வருவதில்லை. பக்கத்திலேயே படுத்திருக்கும் எனக்குத்தான் பிடித்திருக்கிறது.

அடுத்த மாதம் கடல்.

குண்டூசி

*

ஏப்ரல் 19
பெஞ்சு

என் அருமை ஒட்டகத்துக்கு,

நான் உயிரோடு இருக்கிறேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நீ கடைசி வரியை முதலில் படிக்கிறவள்.

படகில் சிலிண்டர்களையெல்லாம் படகுக்காரர் முழுதாகத் திறந்து வைத்தார். கேப்டன் எங்களை நிற்க வைத்து ஒருவரை ஒருவர் சோதிக்கச் சொன்னார். எல்லாம் சரி. கேப்டன் அடுத்த ஜோடியிடம் போனதும், இவர், "எதுக்கும் இன்னொரு தடவை பாத்துடறேன்" என்றார். நான் படகு விளிம்பில் கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். முதுகுக்குப் பின்னால் ஏதோ திருகுகிற மாதிரி ஓர் அசைவு. அதற்குள் யாரோ, "சார், உங்க துடுப்புச் செருப்பு நழுவுது" என்று கத்தினார்கள். அசைவு நின்றது. அந்தத் திருகல் எனக்குப் பழக்கப்பட்ட திருகல், ஒட்டகம். தினமும் என் அடுக்களையில் கேட்கிறதுதான். பழக்கப்பட்டதாலேயே நான் திரும்பிப் பார்க்கவில்லை.

இறங்கினோம். மேலே இருக்கும்போது காற்று நன்றாகத்தான் வந்தது. கீழே போகப் போக, மூச்சை இழுத்தால் கெட்டியான எதையோ உறிஞ்சுகிற மாதிரி. பயத்தினால் என்று நினைத்தேன். மணலைத் தொட்டபோது இழுத்தேன், வரவில்லை. இன்னும் பலமாக இழுத்தேன். குழாய்தான் உதட்டோடு ஒட்டியது.

கேப்டனைத் தேடினேன். அவர் இன்னொரு ஜோடியோடு தள்ளி இருந்தார். மணிக்கட்டை ஒரு கை பிடித்துக்கொண்டிருந்தது. அந்தக் கைக்காரரைப் பார்த்துக் கழுத்தில் வெட்டிக் காட்டினேன்.

உள்ளதைச் சொல்ல வேண்டும். அவர் ஒரு நொடிகூடத் தாமதிக்கவில்லை. மஞ்சள் குழாயை எடுத்து என் வாயில் வைத்தார், பாடத்தில் சொன்னபடி என் தோளைப் பிடித்தார். இருவரும் ஒரே சிலிண்டரிலிருந்து மூச்சு விட்டுக்கொண்டு முகத்துக்கு முகம் நின்றோம். கண்ணாடிக்குள் அவர் கண்கள் இவ்வளவு பெரிதாக இருந்தன. பயந்துபோயிருந்தார். எனக்காகத்தான். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. காற்று வந்துவிட்டது, ஆனால் அவரிடமிருந்து ஒரு கை தூரத்துக்கு மேல் என்னால் நகர முடியாது, குழாய் அவ்வளவுதான் நீளம். இத்தனை வருஷமும் இதே நீளம்தானே என்று அந்த நேரத்திலும் தோன்றிற்று பார். இந்தப் பாழாய்ப்போன மூளை கடலுக்கடியிலும் சும்மா இருக்காது.

கேப்டன் வந்தார். என் பின்னால் போய்க் கையை வைத்தார். திருகினார், நிறையத் திருகினார். என் குழாயை வாயில் கொடுத்தார். காற்று குளிர்ந்து, தாராளமாக வந்தது.

இவர் கட்டைவிரலை உயர்த்தினார். மேலே. மறுபடி, முகத்துக்கு நேராக, மேலே, மேலே. விதி இருக்கிறது, போயாக வேண்டும். கேப்டன் என்னைப் பார்த்தார். நான் ஆள்காட்டி விரலையும் கட்டைவிரலையும் வட்டமாகச் சேர்த்துக் காட்டினேன். நான் நன்றாக இருக்கிறேன். ஸ்பீக்கரில் வேறு யாரும் சொல்லாமல், நானே சொன்னேன்.

கேப்டன் தன் உதவியாளரைக் கூப்பிட்டு இவரைக் காட்டி, மேலே என்றார். பிறகு தன்னையும் என்னையும் காட்டி, இரண்டு ஆள்காட்டி விரல்களையும் பக்கத்தில் பக்கத்தில் சேர்த்தார். நீயும் நானும் ஜோடி. இவர் என் மணிக்கட்டை விடவில்லை. நான்தான் அவர் விரல்களை எடுத்தேன். கடைசி விரல் கொஞ்சம் பிடிவாதம்.

அதன்பிறகு என்ன பார்த்தேன் என்று கேட்பாய். பெரிதாக ஒன்றுமில்லை. பல் டாக்டர் முகத்தோடு ஒரு மீன். மணலில் ஒரு கடல் அட்டை, சும்மா கிடந்தது. ஏன் கிடக்கிறாய் என்று யாரும் அதைக் கேட்கவில்லை. நானும் பக்கத்தில் கொஞ்ச நேரம் கிடந்தேன்.

மேலே வந்தபோது படகில் இவர் துண்டைப் போர்த்திக்கொண்டு எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்: "நான் மட்டும் இல்லன்னா இன்னிக்கு இவ இல்ல." ஒருவர் கைகொடுத்தார். கேப்டன் என் காதருகே வந்து, "வால்வை யாரோ முக்கால்வாசி மூடியிருக்காங்க. நான் சொல்லவா, நீங்க சொல்றீங்களா?" என்றார். நான் சொல்கிறேன் என்றேன்.

மறுநாள் இவர் இறங்கவில்லை. படகிலேயே வாட்சைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் கேப்டனோடு எல்லாவற்றையும் முடித்தேன். கார்டு வந்துவிட்டது, ஒட்டகம். படத்தில் மூக்கு ஒழுகுகிறது, பரவாயில்லை.

அவரிடம் இன்னும் சொல்லவில்லை.

குண்டூசி

*

ஏப்ரல் 28

குண்டூசி,

கடை ஆட்களை வைத்துக்கொண்டே அழுதுவிட்டேன். கண்ணாடிக் கடையில் கண் கலங்கினால் யாரும் கேட்பதில்லை, அது ஒரு வசதி.

சொல். கத்த வேண்டாம், பழி போட வேண்டாம். நடந்ததைச் சொல். அவர் என்ன பதில் சொல்கிறார் என்று கேள். அதற்குப் பிறகு என்ன செய்வதென்று உனக்கே தெரியும்.

அறையைப் பெருக்கித் துடைத்தாயிற்று. போக மட்டும் டிக்கெட்டா, திரும்பவும் சேர்த்தா?

ஒட்டகம்

*

மே 11

என் ஒட்டகத்துக்கு,

சொன்னேன். காலையில், சாப்பிட்டு முடித்து அவர் பேப்பரை மடித்த பிறகு. "அன்னிக்கு என் சிலிண்டரைத் தெரியாம மூடிட்டீங்க. பழக்கதோஷம். அதான் காத்து வரல." அவ்வளவுதான் சொன்னேன். மன்னிப்பு எல்லாம் எதிர்பார்க்கவில்லை. 'அப்படியா?' என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் உன் ஊருக்கு வரும் நினைப்பையே விட்டிருப்பேன். அவ்வளவு லேசான ஆள் நான்.

அவர் மடித்த பேப்பரை இன்னொரு தடவை மடித்தார்.

"நான் மூடியிருக்க மாட்டேன். மூடியிருந்தா முழுசா மூடியிருப்பேன். அரைகுறையா மூடுற பழக்கம் எனக்குக் கிடையாது."

சத்தியமாக இதைத்தான் சொன்னார். பெருமையோடு சொன்னார். பிறகு எழுந்து போய், என் கைப்பையிலிருந்து கார்டை எடுத்துப் பீரோவில் வைத்துப் பூட்டினார். "இதெல்லாம் நம்ம வயசுக்குச் சரிப்படாது. பட்டது போதும். உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்." குளமும் இனி வேண்டாமாம். முழங்காலுக்கு வீட்டுத் தொட்டியே போதுமாம்.

கடைசியாக ஒரு தடவை லாக்கரைக் காலி செய்யப் போய் வருகிறேன் என்று இங்கே வந்தேன். கேப்டனிடம் கார்டு போன கதையைச் சொன்னேன்.

"பீரோவிலயா?" என்றார். "இருக்கட்டும் மேடம். அது சும்மா பிளாஸ்டிக். உங்க பேரு, பிறந்த தேதி, படம் எல்லாம் கம்ப்யூட்டர்ல இருக்கு. எந்த ஊர்ல வேணாலும் பேரைச் சொல்லுங்க, எடுத்துப் பாப்பாங்க."

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. கவுண்டர் அக்கா எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அந்த மனிதர் பீரோ சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு திரிகிறார், பாவம்.

(இதுவரை பெஞ்சில் எழுதியது. இனி பேருந்து நிலையத்தில். கடிதத்துக்கு முன்னால் நானே வந்துவிடுவேன், ஆனால் பாதி எழுதியதைக் கிழிக்க மனசில்லை. எதிரே உட்கார்ந்து படித்துக் காட்டுகிறேன்.)

வீட்டுக்குப் போய்ப் பையில் நாலு துணியை வைத்துக்கொண்டு அவரிடமே சொன்னேன். ஓடிவந்தவள் என்று பெயர் வேண்டாம் பார்.

"நான் என் சிநேகிதி ஊருக்குப் போறேன்."

"கார்டு எங்கிட்ட இருக்கு."

"இருக்கட்டுங்க."

"எப்ப வருவ?"

"தெரியல."

எழுந்து வந்து வாசலை மறைத்துக்கொண்டு நின்றார். கோபமில்லை, முகத்தில் அன்றைக்குக் கண்ணாடிக்குள் பார்த்த அதே பயம். ஒரு கணம் பையைக் கீழே வைக்கப் போனேன், மறைக்காமல் சொல்கிறேன். ஏதாவது சொல்வார் என்று நின்றேன். அவரும் ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"கேஸ் மூடினியா?"

"ஞாபகமில்ல. நீங்க ஒரு தடவை பாத்துருங்க."

அடுக்களைக்குப் போனார். நான் படியிறங்கினேன். முழங்கால் வலிக்கவே இல்லை.

டிக்கெட் கேட்டாயே, போக மட்டும்தான் எடுத்திருக்கிறேன். உன்னோடு இரண்டு தடவை இறங்கி ஏறிய பிறகு மற்றதை யோசிக்கலாம். மகனோடு உன் போனிலிருந்து நானே பேசுகிறேன்.

கேஸ் மூடித்தான் இருந்தது, ஒட்டகம். பையை எடுக்கும் முன்பே நான் மூடிவிட்டேன்.

பேருந்து வந்துவிட்டது.

உன் ஜோடி,
குண்டூசி